நீலக் கரை போட்ட கட்டு

"நர்சம்மா, சேதி தெரியுமா? வெங்கடம்மா கையில கட்டு போட்டுக்கினு லைன் லைனா சுத்திக்கினு கீறா. கேட்டா, நீங்க கட்டினதுன்றா!"

பக்கத்து வீட்டு ரத்தினம்மா வாசலில் நின்றே கொட்டிவிட்டாள்.

"நானா? அந்தம்மா கையை நான் தொட்டதுகூட இல்லையே!"

ஜூடித் போட்ட சத்தத்தில், மடியில் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தை வீலென்று அழுதது.

"நீலக் கரை இருக்குதே. என் கண்ணால பார்த்தேன்."

நீலக் கரை என்றால் ஜூடித் போட்ட கட்டுதான். தங்கச் சுரங்க ஊரான மாரிகுப்பம் பூராவும் அது தெரியும்.

மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையை விட்டுவிட்டு, சுரங்கத் தொழிலாளிகளின் லைன் வீடுகளுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகை பிடித்து அவள் உட்கார்ந்தபோது ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை. நோட்டீஸ் அச்சடிக்கலாம் என்றான் புருஷன் மாணிக்கராஜ். "அதைப் படிக்கிறதுக்கு ஆளையும் நீங்களே கூட்டிட்டு வருவீங்களா?" என்று கேட்டாள்.

பழைய புடவையின் நீலக் கரையைக் கிழித்தாள். ஒவ்வொரு கட்டுத்துணியின் நுனியிலும் விரலகலத்துக்குத் தைத்தாள். முடிச்சுப் போட்டால் நீலம் வெளியே தெரியும். ஷிஃப்டுக்குப் போகிறவன் கையோடு அது கேஜ் கூண்டில் ஏறிச் சுரங்கக் குழிக்குள் இறங்கும், சந்தைக்குப் போகும். "இன்னாப்பா அது நீலமா?" என்று நாலு பேர் கேட்பார்கள். சல்லிக்காசு செலவில்லாத விளம்பரம்!

காயம்பட்ட ஆம்பிளைகள் வர ஆரம்பித்தார்கள். பிரசவத்துக்குத்தான் ஒருத்தியும் வரவில்லை. பிரசவம் என்றால் அங்கே வெங்கடம்மாதான். லைனில் பாதிப் பிள்ளைகள் அவள் கையில் பிறந்தவை.

பிரசவம் வராமல் கொட்டகை நிற்காது. மறுபடி ஆஸ்பத்திரிக்கே போகவேண்டியதுதான். அங்கே கைக்குழந்தையை வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். பால்குடி மறக்காத பிள்ளையை ஆம்பூரில் மாமியாரிடம் விடவேண்டும். அதை நினைத்தாலே ஜூடித்துக்குச் சோறு இறங்காது.

இப்போது இது வேறு.

"போன வாரம் அந்தம்மா, மருமகனுக்கு விரல் நசுங்கிடுச்சுன்னு சொல்லி ரெண்டு கட்டுத்துணி வாங்கிட்டுப் போச்சு. அதைத்தான் சுத்திக்கிட்டிருக்கு!"

"எதுக்காம்?"

"எதுக்கா? நாளைக்கே 'சீழ் வெச்சிடுச்சு, நர்சம்மா கட்டின கட்டு'ன்னு ஒரு வார்த்தை சொன்னா போதுமே. அப்புறம் என் வாசலை யார் மிதிப்பா?"

"அடிப்பாவி! போய் நாலு பேர் எதிரே அவுத்துக் காட்டுங்க, நர்சம்மா. நானும் வரேன்."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஜூடித் விடுவிடுவென்று கிளம்பினாள். தெருமுனையில் அடுத்த லைன் தாமோதரன் எதிரே ஓடிவந்தான்.

"நர்சம்மா, என் பொண்டாட்டிக்கு வலி கண்டுடுச்சு. சீக்கிரம் வாங்க!"

"வெங்கடம்மாவைக் கூப்பிடலையா?"

"அங்கதான் போனேன். 'கையில காயம், நான் வரக்கூடாது, நர்சம்மாவை இட்டுக்கினு போ'ன்னு துரத்திட்டாங்க."

ஜூடித்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ள நேரமும் இல்லை. குழந்தையை ரத்தினம்மாவிடம் கொடுத்துவிட்டு ஓடினாள்.

பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சௌக்கியம். வாசலில் கூடியிருந்த பெண்களில் ஒருத்தி, "எனக்கு அடுத்த மாசம், நர்சம்மா" என்று வெட்கப்பட்டுச் சொன்னாள்.

கோபம் பாதி இறங்கியிருந்தது. மீதியோடு வெங்கடம்மா வீட்டுக்குப் போனாள். ஜூடித்தின் குழந்தையை ஏந்திக்கொண்டு ரத்தினம்மாவும் பின்னாலேயே வந்தாள். அவளை வெளியே நிறுத்தி, கதவைச் சாத்தினாள் ஜூடித்.

"அக்கா, கையைக் காட்டுங்க."

வெங்கடம்மா மறுக்கவில்லை. ஜூடித் அவிழ்த்தாள். காயம் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை.

"இன்னாக்கா இது? நான் உங்களுக்கு இன்னா கெடுதல் செஞ்சேன்?"

வெங்கடம்மா விரல்களை விரித்து நீட்டினாள். அவை நடுங்கின. இன்னொரு கையால் பிடித்துக்கொண்டாள், அதற்கும் அடங்கவில்லை.

"மழைக்காலத்துலேர்ந்து இப்படித்தான் கீது. கோரமண்டல் லைன்ல பொறந்த புள்ளை ஒண்ணு என் கையிலேர்ந்து வழுக்கித் தரையில விழ இருந்துச்சு. சாமி புண்ணியம், தாய்க்காரி தொடையில விழுந்து பொழைச்சிடுச்சு."

"வரமாட்டேன்னு சொல்லிடலாமே?"

"சொன்னா விடுவாங்களா? வலிக்காரியைத் தூக்கியாந்து என் வாசல்லயே போட்டுடுவாங்க. கையில கட்டைப் பார்த்தா கூப்பிடமாட்டாங்க. அதிலயும் நீலக் கரையைப் பார்த்தா, எங்க போகணும்னு நான் சொல்லவே வேணாம் பாரு."

ஜூடித் அந்தக் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். இத்தனை நாள் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த, பிள்ளையைப் பிரியவேண்டிவரும் என்ற பயம் இறங்கிப் போயிற்று.

"அக்கா, இனிமே பிரசவத்துக்கு நீங்களும் என்கூட வரணும்."

"இந்தக் கையை வெச்சிக்கினு நான் இன்னா செய்ய?"

"கை வேணாம், வாயைக் கொண்டாங்க. வலியில கத்தறவளை அதட்டி வழிக்குக் கொண்டுவர எனக்கு வரலை. இன்னிக்குத் தாமோதரன் பொண்டாட்டி என்னையே வெளியில போன்னுட்டா!"

வெங்கடம்மா சிரித்துவிட்டாள். கண்ணும் நிறைந்துவிட்டது.

அதற்குமேல் பொறுக்காமல் ரத்தினம்மா கதவைத் திறந்து தலையை நீட்டினாள்.

"இன்னா நர்சம்மா, காயமே இல்லதானே?"

ஜூடித் அதற்குள் கட்டைச் சுற்றி, நீலக் கரை நன்றாக வெளியே தெரியும்படி முடிச்சை இறுக்கியிருந்தாள்.

"ஆழமான காயம், ரத்தினம்மா. இந்தக் கட்டை அவுக்கவே கூடாது."