முதல் நாள் சாட்சி

பிரேசர் டவுன் சர்ச் காம்பவுண்டில் பஸ் கிளம்பத் தயாராக நின்றது. ஆஞ்சலா ஏறி ஜன்னலோரம் இடமும் பிடித்துவிட்டாள். கீழே நின்ற பியாட்ரிஸ் அதற்குள் பஸ்ஸை இரண்டு தடவை சுற்றி வந்துவிட்டாள்.

பதின்மூன்று வயதுப் பெண்ணைப் பத்து நாள் பைபிள் கேம்ப்புக்கு அனுப்பும் எந்தத் தாய்க்கும் கலக்கம் இருக்கத்தான் செய்யும். ஆனால் பியாட்ரிஸ் பொய் சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தாள்.

கேம்ப்பிலிருந்து வந்த தாளில் இருபத்திரண்டு விதிகள். மோட்சத்துக்கே பத்துக் கட்டளைதான் கேட்கிறார்கள். ஒயிட்பீல்டு பக்கம் பத்து நாள் தங்கிவர இருபத்திரண்டு. ஸ்லீவ்லெஸ் கூடாது, வாக்மேன் கூடாது, கதைப் புத்தகம் கூடாது. பைபிள், டார்ச், தட்டு, டம்ளர், பக்கெட் கட்டாயம். பெற்றோர் வந்து பார்க்கக் கூடாது, போனும் செய்யக் கூடாது.

பக்கெட்டுக்காக சிவாஜிநகரில் மூன்று கடை ஏறி இறங்கினாள். உள்பாவாடை, துவாலை ஒன்று விடாமல் சிவப்பு நூலில் மகள் பெயரைத் தைத்தாள். அதெல்லாம் சந்தோஷமான வேலை.

எட்டாவது விதியில்தான் சிக்கல். வலிப்பு நோய் உள்ள மாணவர்களைச் சேர்ப்பதற்கில்லை.

ஆஞ்சலாவுக்கு எட்டு வயதிலிருந்து வலிப்பு. போன வருஷம் ஸ்கூல் பிரேயரில், எல்லாப் பிள்ளைகளும் பார்க்க விழுந்தாள். அதற்குப் பிறகு அவள் பெஞ்சில் யாரும் உட்காருவதில்லை. பிறந்தநாளுக்குக் கூப்பிட்ட ஆறு பேரில் ஒருத்தியும் வரவில்லை. தாயும் மகளுமாக அந்தக் கேக்கை மூன்று நாள் தின்று தீர்த்தார்கள்.

இந்தக் கேம்ப்புக்கு அவள் ஸ்கூலிலிருந்து யாரும் வரவில்லை. அதற்காகவே போகிறேன் போகிறேன் என்று கெஞ்சினாள். பத்தே நாள், தன் பெண்ணும் மற்றப் பெண்களைப்போல இருந்துவிட்டு வரட்டும் என்று பியாட்ரிஸ் ஆசைப்பட்டாள். அது தப்பா என்றால் தப்புதான். தெரிந்தேதான் செய்தாள்.

விண்ணப்பப் பாரத்தில் வலிப்பு உண்டா என்று கேட்ட இடத்தில் ‘இல்லை’ என்று எழுதினாள். மருந்து எதுவானாலும் பொறுப்பாளரிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது இன்னொரு விதி. வலிப்பு மாத்திரைகளை ஒரு வைட்டமின் பாட்டிலில் கொட்டி மூடி ஒப்படைத்தாள். வேளாவேளைக்கு அவர்களே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இந்த யோசனை தோன்றிய அன்று தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

கேம்ப் பொறுப்பாளர் சரளா அக்கா ஒரு தாளும் பேனாவுமாக வேகமாக வந்தார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்தாள் பியாட்ரிஸ். ஆனால் அக்காவின் முகம் மலர்ந்திருந்தது.

“ஸ்தோத்திரம் சிஸ்டர்! ஆஞ்சலாவோட சாட்சி, கீழ ஒரு சைன் போடுங்க. மொத நாள் கூட்டத்துல அவளுக்குத்தான் சான்ஸ். ஃபார்ம்ல தைரியமா ‘இல்லை’ன்னு எழுதியிருக்கீங்களே, என்னா விசுவாசம்!”

கர்த்தர் தனக்குச் செய்ததை ஒவ்வொரு பிள்ளையும் சாட்சியாக ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வரவேண்டும். தன்னுடையதைத் தானே எழுதிக்கொள்வதாக ஆஞ்சலா சொல்லியிருந்தாள். பியாட்ரிஸ் படித்தாள்.

‘எனக்கு வலிப்பு வியாதி இருந்தது. பெரிய வெள்ளி அன்று ஊழியக்காரர் என் தலையில் கைவைத்து ஜெபித்தார். இயேசப்பா என்னைச் சுகமாக்கினார். அன்றிலிருந்து ஒரு மாத்திரைகூட நான் விழுங்கவில்லை. அம்மா கொடுக்கும்போது நாக்குக்கு அடியில் வைத்திருந்து, பாத்ரூமில் துப்பிவிடுவேன். முப்பத்தொரு நாளாக எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை. இதைக் கேட்டால் அம்மாவுக்கும் விசுவாசம் வரும்.’

பஸ்ஸில் பிள்ளைகள் கைதட்டிப் பாட ஆரம்பித்திருந்தார்கள். ஆஞ்சலாவுக்குப் பக்கத்தில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் நெருக்கியடித்து உட்கார்ந்து, அவள் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். ஆஞ்சலாவும் சிரித்தாள். அப்படி அவள் சிரித்துப் பார்த்து ஒரு வருஷமாயிற்று.

டிரைவர் ஹாரன் அடித்தார். சரளா அக்கா பேனாவை நீட்டினார்.

பியாட்ரிஸ் அதை வாங்கவில்லை.

“அக்கா, அவள எறக்குங்க. சொகமாகல. தூக்கத்துல வந்துச்சு.”

மெதுவாகத்தான் சொல்ல நினைத்தாள். குரல் உடைந்து பஸ் முழுக்கக் கேட்டது. பாட்டு நின்றது. பின்னல்காரப் பெண் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

தூக்கத்தில் வந்தால் ஆஞ்சலாவுக்கு எதுவும் தெரியாது. விடிந்ததும் தலைவலி என்பாள், அவ்வளவுதான். ஈஸ்டருக்கு அடுத்த வாரம் விடியற்காலையில் வந்தபோது பியாட்ரிஸ் அவள் வாயைத் துடைத்து, போர்வையை மாற்றி, காபி கொடுத்து, வெயில் ஜாஸ்தி அதனால்தான் என்று சொன்னாள். வராத நாட்களைக் காலண்டரில் பேனாவால் வட்டமிட்டு வைத்துக் குதிக்கிற பிள்ளையிடம் எந்த வாயால் சொல்வது? மாத்திரை தின்றும் வருகிறதே என்று தனியாக டாக்டரிடம் ஓடினாள். வேளைக்கு ஒன்றை அவர் இரண்டாக்கினார். அந்த இரண்டையும் கண்ணெதிரே வாயில் போட வைத்துவிட்டுத்தான் தினமும் ஆபீசுக்குப் போனாள்.

ஆஞ்சலா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். அழவில்லை.

“எத்தன தடவம்மா?”

பியாட்ரிஸுக்கு அதற்குமேல் பொய் வரவில்லை. மூன்று தடவை என்றாள்.