கல்லுக்கு வேலை

ஓடும்போது காலடியில் படுத்திருக்கும். நின்றதும் முதல் ஆளாகக் கீழே இறங்கும். அது என்ன?

நாய் என்று சொல்லிவிடாதீர்கள். அது ஒரு கல். அய்யம்மாளின் பழைய ஜீப்பில் கிடந்த கருங்கல்.

ஊரார் பறிக்கும் மல்லிகையைத் தினமும் திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போகிறவள் அய்யம்மாள். அவள் ஜீப்பின் ஹேண்ட்பிரேக் ஒருநாள் பிடிக்கும், ஒருநாள் பிடிக்காது. பூ ஏற்றக் கண்மாய்க்கரைச் சரிவில் வண்டி நின்றதும், மகள் தீபா குதித்து இறங்குவாள். ஓரமாக நின்று, கல்லைக் காலால் பின்சக்கரத்துக்கு அடியில் தள்ளிவிடுவாள். தீபாவுக்குப் பத்து வயது.

“பச்சப் புள்ளைய இந்த வேலைக்கு விடுறியே, நீயெல்லாம் ஒரு தாயா?” என்றார் மலைச்சாமி. போன மாதம்தான் அவர் புது ஜீப் எடுத்திருந்தார். “ஒருநா இந்த ஓட்ட வண்டி அம்புட்டுப் பூவோட கண்மாய்க்குள்ள எறங்கப் போகுது. ஏப்பா, திங்கக்கெழமையில இருந்து பூவை என் வண்டியில ஏத்துங்க.”

பூ விவசாயிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

“ஞாயித்துக்கெழமை சாயங்காலம் வாங்க,” என்றாள் அய்யம்மாள். “வண்டி நெறைய ஆளை ஏத்தி, கல்லு வைக்காம இதே சரிவுல நிப்பாட்டுறேன். நகந்துச்சுன்னா அண்ணன் வண்டியிலயே ஏத்துங்க.”

மறுநாள் திண்டுக்கல்லில், மெக்கானிக் ஃபயாஸின் பட்டறை.

“ஹேண்ட்பிரேக் கேபிளை நல்லா இறுக்கிக் குடு தம்பி.”

“மாட்டேங்க்கா.”

“ஏன்?”

“இதுவரைக்கும் எத்தன பேரு இறுக்குனாங்க?”

“மூணு பேரு.”

“நாலாவதா நானுமா?”

வண்டிக்கு அடியில் புகுந்த ஃபயாஸ், செத்த நேரத்தில் ஒரு பிரேக் ஷூவை வெளியே நீட்டினான். எண்ணெய் சொட்டியது.

“இந்த வண்டிக்கு ஹேண்ட்பிரேக் சக்கரத்துல இல்லக்கா. நடுவுல ஓடுற ஷாஃப்ட்டுல இருக்கு. பக்கத்துல ஆயில் சீல் ஒழுகுது. எண்ணெய்க் கையால பாட்டில் மூடியத் தெறந்து பாருங்க. எம்புட்டு இறுக்கிப் புடிச்சாலும் வழுக்கத்தானே செய்யும்?”

சீலை மாற்றினான். புது ஷூ போட்டான். அதற்கப்புறம்தான் கேபிளைத் தொட்டான்.

ஞாயிறு சாயங்காலம் ஊரே கரையில் நின்றது. எட்டுப் பேர் ஜீப்பில் ஏறினார்கள். சரிவின் நடுவில் அய்யம்மாள் வண்டியை நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். இன்ஜினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

கரை மேட்டில் மலைச்சாமி தன் புது ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தி, பிரேக்கில் வைத்த காலை எடுக்காமலே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இப்ப உருளும் பாரு!”

பிள்ளைகள் கூட்டமாக எண்ண ஆரம்பித்தார்கள். ஐம்பது வந்தது. எண்பது வந்தது. ஜீப் ஓர் அங்குலம் நகரவில்லை.

“நூறு!”

விசில் பறந்தது. வண்டியில் இருந்த எட்டுப் பேரும் கைதட்டினார்கள்.

“அடியில கல்லை ஒளிச்சு வச்சிருக்கா!” என்று கத்தியபடி மலைச்சாமி குதித்து ஓடி வந்தார். மண்டி போட்டு ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து பார்த்தார்.

“கெடச்சுச்சாண்ணே?” என்றாள் அய்யம்மாள்.

“நாலு சக்கரந்தான், அஞ்சாவதையும் தேடுறாரு!” என்று யாரோ சொல்ல, கரை முழுக்கச் சிரிப்பு.

கல் தீபாவின் கையில் இருந்தது.

“நாளைக்கும் நம்ம வண்டியிலதான்த்தா பூவு,” என்று அவள் தலையைத் தடவினாள் அய்யம்மாள். “இனி அந்தக் கல்லுக்கு வேலையில்ல. கண்மாயில தூக்கிப் போடு.”

தீபா கல்லோடு கரைமேல் ஏறினாள்.

அங்கே, குதித்து ஓடிய அவசரத்தில் மலைச்சாமி ஹேண்ட்பிரேக்கை இழுக்க மறந்துவிட்ட புது ஜீப், ஆளில்லாமல், மெல்ல மெல்லப் பின்னால் நகரத் தொடங்கியிருந்தது.

தீபா கல்லைக் கண்மாயில் போடவில்லை. ஓரமாக நின்று, காலால் அந்த ஜீப்பின் பின்சக்கரத்துக்கு அடியில் தள்ளிவிட்டாள்.