எட்டாவது பன்றி

பன்றியின் வயிறு வெடித்தபோது உதவியாளன் டிண்டோ முகமூடிக்குள்ளேயே வாந்தியெடுத்தான். பக்கத்தில் தலைமுதல் கால்வரை வெள்ளை உறையும் கண்ணாடியும் முகமூடியும் மாட்டி நின்ற கால்நடை இன்ஸ்பெக்டர் அசையவில்லை. குழியை நோக்கிக் கையை நீட்டினார். தூக்கிப் போடு என்று அர்த்தம்.

டிண்டோ முகமூடியைக் கழற்றி எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டிக்கொண்டான்.

"நாலு வருசம் காலேஜ்ல பன்னி வளக்கப் படிச்சோம். மூணு வருசமா பன்னி பொதைக்கிறோம். இதுக்கு ஒரு பட்டம் வேற. என்ன சார், நான் சொல்றது சரிதானே?"

இன்ஸ்பெக்டர் அடுத்த பன்றியின் காலைப் பிடித்து இழுத்தார்.

"மத்த வீட்டுல எல்லாம் கத்தித் தீப்பீங்க. இங்க வந்ததுலருந்து வாயே தொறக்கல. உங்களுக்கும் கொமட்டுதா?"

அந்தத் தென்னந்தோப்பு ஊருக்குள், பன்றிகளை மட்டும் கொல்லும் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் ஆகிறது. நோய் கண்ட கொட்டிலைச் சுற்றி அரைக் கிலோமீட்டருக்குள் ஒரு பன்றிகூட உயிரோடு இருக்கக் கூடாது என்பது மாகாண உத்தரவு. இந்த வீட்டுக்காரி சாலிங்கின் கொட்டிலில் இரண்டு ஏற்கெனவே செத்து ஊதிக் கிடந்தன. மீதி ஐந்தையும் மின்சாரம் வைத்துச் சாய்த்திருந்தார்கள். ஈ, ரத்தக் கழிச்சல், சுண்ணாம்பு, மத்தியான வெயில். மூச்சை உள்ளே இழுத்தால் நாக்கில் ஒட்டியது.

சாலிங் வேலிக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள்.

"ஏ வெள்ளச்சட்ட! பொணந்தின்னி! எம் மவன் ரோடெலும் நீ படிச்ச படிப்புதான்டா படிச்சான். மணிலால தீவனக் கம்பெனில, குளுகுளு ரூம்புல ஒக்காந்து, கண்ணாடிக் குழாயில சோதன பண்றான். உன்ன மாதிரி ரத்தப் பீய அள்ளிக்கிட்டு ஊர் ஊராத் திரியல!"

"சார்கிட்ட மரியாதையாப் பேசுக்கா" என்றான் டிண்டோ.

"அவனுக்கென்னடா மரியாத? எம் மவனுக்குக் கட்டின பீஸ் மொத்தமும் இந்தப் பன்னிங்க போட்ட குட்டி. எம் பொண்ணு மைலின் வர்ற ஆகஸ்டுல அதே காலேஜ்ல சேரணும். அவளுக்கு இனிமே எது குட்டி போடும்? நீ போடுவியா?"

வேலியோரம் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவர்களுடைய கொட்டில்கள் காலையிலேயே காலியாகிவிட்டன. சிரிக்க அவர்களுக்கு வேறு எதுவும் மிச்சமில்லை.

டிண்டோ ஊர்ச்சபைப் பட்டியலைப் பார்த்தான். சாலிங் பெயருக்கு எதிரே எட்டு என்று இருந்தது. குழிக்குள் எண்ணினான். ஏழு.

"ஒரு சினைப் பன்னி கொறையுதே. எங்கக்கா?"

"போன மாசமே செத்துப் போச்சு."

"எங்க பொதச்ச?"

"ஆத்துல விட்டேன். மீனுங்க வந்து சாட்சி சொல்லுமா, போய்க் கேளு."

டிண்டோ இன்ஸ்பெக்டரின் காதருகே வந்தான். "ஏழுன்னே எழுதிட்டுக் கெளம்பலாம் சார். இன்னும் பதினாலு வீடு இருக்கு. இந்தம்மா வாய்க்குப் பன்னியே தேவல."

இன்ஸ்பெக்டர் பேனாவை எடுத்தார். அந்த ஒரு பன்றி தப்பித்தால் ஒரு பெண் கல்லூரிக்குப் போவாள். அது நோயோடு தப்பித்தால் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கிற இருநூறு கொட்டில்களும் இதேபோல் நாறும். பேனா தாளின்மேல் வெகுநேரம் நின்றது. கடைசியில் அதை மூடிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தார்.

கொட்டிலைப் பார்க்கவில்லை. வீட்டுக்குள் நுழையவில்லை. நேராக வீட்டின் பின்னால், தேங்காயைப் புகையில் உலர்த்திக் கொப்பரை எடுக்கும் பழைய குழியிடம் போனார். பல வருடமாகப் புகையாத குழி. அதன் பக்கவாட்டில் ஆள் உயரத்துக்குத் தேங்காய் மட்டை குவிந்து கிடந்தது.

சாலிங்கின் குரல் சட்டென்று இறங்கியது. "அங்க ஒண்ணுமில்ல தம்பி. பாம்பு கெடக்கும்."

அவர் மட்டைகளை இழுத்து இழுத்துப் போட்டார். அடியில், தீ மூட்டுகிற பொந்து திறந்தது. உள்ளே இருந்து குப்பென்று வீச்சம் அடித்தது.

சினைப் பன்றி எழ முடியாமல் ஒருக்களித்துக் கிடந்தது. காது இரண்டும் கத்தரிக்காய் நிறத்தில் கறுத்திருந்தன. மூக்கு ரத்தத்தில் ஈக்கள் மொய்த்தன. நெற்றியில் புளிக்காடியில் நனைத்த துணி. பக்கத்தில் ஆறிப்போன அரிசிக் கஞ்சி. வயிற்றுக்குள் குட்டிகள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.

"யப்பா! மோப்பம் புடிச்சே கண்டுபுடிச்சிட்டீங்களே, மூக்கா சார் அது?" என்றான் டிண்டோ.

சாலிங் வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். இரண்டு கையாலும் இன்ஸ்பெக்டரின் மார்பில் குத்தினாள்.

"எவன்டா காட்டிக் குடுத்தான்? இப்படி ஒரு பொந்து இருக்கிறதே எங்க வீட்டு ஆளுங்களத் தவிர எவனுக்கும் தெரியாதுடா! சொல்லு, எந்த நாயி உனக்குச் சொல்லுச்சு?"

இன்ஸ்பெக்டர் அடிகளை வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, முகமூடியைக் கீழே இழுத்தார்.

"அப்பா குடிச்சிட்டு வெட்டுக்கத்திய எடுக்குறப்ப, என்னையும் நீ இதுக்குள்ளதானேம்மா ஒளிச்சு வப்ப."