பதினெட்டாவது பிரிவு

“பதக்கம் வேணாம்னா வேணாம் சார். நீங்க எத்தன வாட்டி வந்தாலும் இதான் பதிலு.”

கணவன் ஸ்டீபன்ராஜ் இப்படி முகத்தில் அடித்தாற்போல் பேசியதைக் கேட்டு, டீ கொண்டுவந்த சூசை மேரி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். விழுப்புரம் கலெக்டர் ஆபீஸ் கிளார்க் சக்கரபாணி பஸ் பிடித்துத் திண்டிவனம் வருவது இது மூன்றாம் தடவை. பாவம், அவரும் சலிக்காமல் வருகிறார், இவனும் சலிக்காமல் திருப்பி அனுப்புகிறான்.

“யோசிச்சி சொல்லுங்க சார். உயிரக் காப்பாத்தினவங்களுக்கு டெல்லி குடுக்கிற பதக்கம். நம்ம மாவட்டத்துல உங்க பேருதான் போவுது. ஒரு கையெழுத்து போட்டா போதும்.”

“அரசியல் சட்டம் பதினெட்டாவது பிரிவுல பட்டமே கூடாதுன்னு எழுதி வெச்சிருக்காங்க சார். வருசா வருசம் பசங்களுக்கு நான்தான் நடத்துறேன். குடியரசுன்னா எல்லாரும் ஒண்ணு. ஒருத்தன் சட்டையில மட்டும் பதக்கத்தக் குத்தினா, மத்தவங்கல்லாம் இன்னா மட்டமா?”

“அது வெள்ளக்காரன் குடுத்த ராவ்பகதூர், திவான்பகதூர் மாதிரி பட்டத்துக்கு சார். இது பேருக்கு முன்னால போட்டுக்கிறது இல்ல. சுப்ரீம் கோர்ட்டே தப்பில்லன்னு சொல்லிடுச்சி.”

“கோர்ட்டு சொல்லட்டும். என் மனசு ஒத்துக்கல.”

மேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சமூக அறிவியல் வாத்தியாரைக் கட்டிக்கொண்டால் இதுதான் கதி. வீட்டில் உப்பு தீர்ந்துபோனாலும் சட்டம் பேசுவான். ஆனால் இது உப்புச் சமாச்சாரமா? பெற்ற பிள்ளையின் சமாச்சாரம்.

போன வருஷ மழையில் ஏரி உடைந்து, தரைப்பாலத்தில் போய்க்கொண்டிருந்த ஆட்டோவை வெள்ளம் புரட்டிப்போட்டது. டிரைவர் எப்படியோ நீந்திவிட்டார். உள்ளே இருந்தவர்கள் இவர்கள் மகள் எலிசாவும், எதிர்வீட்டு ஜெகதீசன் மகள் கலைப்பிரியாவும். இரண்டும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே வகுப்பு, எந்நேரமும் ஒட்டிக்கொண்டே திரியும்.

பின்னால் பைக்கில் வந்த ஸ்டீபன்ராஜ், பைக்கை அப்படியே போட்டுவிட்டுக் குதித்தான். அந்தச் செம்மண் தண்ணீரிலிருந்து கலைப்பிரியாவை இழுத்துவந்து கரையில் கிடத்தினான். முகத்தில் அப்பியிருந்த சேற்றை வழித்துப் பார்த்தான். அடுத்த நொடி மறுபடியும் குதித்தான். அதற்குள் எலிசாவை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. மறுநாள்தான் கிடைத்தாள்.

பெற்ற மகளை விட்டு அடுத்தவர் பிள்ளையைக் காப்பாற்றிய உத்தமர் என்று பேப்பரில் போட்டார்கள். அடக்கப் பூசையில் பங்குச் சாமியாரும் அதையே சொல்லிக் கண்கலங்கினார். மேரிக்கு அந்தப் பேச்சு முதலில் நெருப்பாய்ச் சுட்டது. பிறகு, பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லாமல் அதையே பிடித்துக்கொண்டாள்.

ஜெகதீசன் பெண்டாட்டி அருணா பொங்கலுக்குப் புதுத்துணியும் பழத்தட்டுமாக மகளைக் கூட்டிக்கொண்டு வந்தபோது, ஸ்டீபன்ராஜ் பின்வாசல் வழியாகப் போய்விட்டான். எவ்வளவு அடக்கம் பார் என்று தெருவே மெச்சியது. பதக்கம் வேண்டாம் என்றதும் இன்னும் ஒருபடி உயர்ந்துபோனான்.

உயர்ந்து என்ன பிரயோசனம்? தினமும் காலையில் கலைப்பிரியா சைக்கிளில் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துவிட்டுத்தான் மேரி அடுப்பு பற்றவைக்க வேண்டியிருக்கிறது. அந்த வயிற்றெரிச்சலை யாரிடம் சொல்வாள்?

டீயை வைத்துவிட்டு, வந்தவர் முன்னாலேயே ஆரம்பித்தாள்.

“நான் ஒண்ணு கேக்கிறேங்க. ராஜா இல்லாத நாட்டுல, நல்லது பண்ணவன யாரு கூப்பிட்டு நல்லா இருன்னு சொல்றது? நாடே சேந்து சொல்றதுக்குத்தான இந்தப் பதக்கம்? எல்லாரும் ஒண்ணுதான், இல்லன்னு சொல்லல. ஆனா எல்லாரும் குதிக்கலியே.”

சக்கரபாணி டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு எழுந்தார்.

“அம்மா சொல்றதுல ஞாயம் இருக்குது சார். பேசி முடிவு பண்ணுங்க. நாளைக்கு வரைக்கும் டைம் இருக்குது” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அவர் தெருமுனை திரும்பும் வரை மேரி பொறுத்திருந்தாள்.

“எனக்கு அந்தப் பதக்கம் வேணுங்க. எலிசா போட்டோ பக்கத்துல வெக்கணும். என் பொண்ணு சும்மா சாவலன்னு அதுவாவது சொல்லட்டும்.”

“வேணாம் மேரி.”

“பதினெட்டாவது பிரிவ எங்கிட்ட சொல்லிக்கினு இருக்காதீங்க. நெசத்த சொல்லுங்க.”

அவன் எழுந்து உள்ளே போகப் பார்த்தான். கேட்டால் அப்புறம் குடும்பம் நடத்த முடியாது என்று இத்தனை நாளாக நெஞ்சுக்குள் போட்டு அமுக்கி வைத்திருந்ததை, மேரி அன்றைக்குக் கேட்டேவிட்டாள்.

“ரெண்டு புள்ளைங்களும் கண்ணு முன்னால தண்ணியில போவுது. பெத்த அப்பன் கை எப்படிங்க அந்தப் புள்ள கிட்ட போச்சி? நம்ம பொண்ணு உங்களுக்குப் பெருசாப் படலியா?”

ஸ்டீபன்ராஜ் அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

“எலிசான்னு நெனச்சித்தான் தூக்கினேன் மேரி.”