கழன்ற பக்கங்கள்

ஜோகுபாளையத்தில் தான் வழக்கமாக ஜாக்கெட் தைக்கக் கொடுக்கும் கடை வாசலில் தீபிகா தயங்கி நிற்கிறாள். சொந்தச் செலவில் அச்சிட்ட அவளுடைய முதல் நாவல் பசை விட்டுக் கழன்று வருவதாக நேற்று தையற்காரி சங்கமித்ரா போனில் சொன்னாள். மாற்றிக் கொடுக்க, கெட்டியாகத் தைத்த புதுப் பிரதி பையில் இருக்கிறது. அடுத்த நாவலை இனி யார் தொடுவார்கள் என்ற பயம் நெஞ்சில் இருக்கிறது. உள்ளே மெஷின்கள் ஓய்ந்திருக்கின்றன. மதிய வெயில் துணிக் குவியலின்மேல் மஞ்சளாய்ச் சாய்கிறது. அவளுடைய நாவல் இரண்டு துண்டாக இரண்டு மடிகளில் கிடக்கிறது. முன்பாதி சங்கமித்ராவிடம், பின்பாதி, துணி கிளிப் மாட்டியபடி, கூடத் தைக்கும் பவுனுவிடம். பவுனு மூக்கை உறிஞ்சுகிறாள். "அழுது காட்டாதடி, முடிவு தெரிஞ்சிடும்," என்கிறாள் சங்கமித்ரா, தலை நிமிராமல். தீபிகா மெல்ல உள்ளே வந்து புதுப் பிரதியை நீட்டுகிறாள். "பைண்டிங் சரியில்லைங்க, மன்னிச்சுக்கங்க. இது பிரியாது." சங்கமித்ரா அதை வாங்கி விரித்துப் பார்க்கிறாள். "நல்லா இருக்கு மேடம். இத பக்கத்துக் கடை லட்சுமம்மாவுக்குக் குடுத்துடறேன். பாவம், எங்க புக்குல இன்னும் கொஞ்சம் எப்ப கழலும்னு காலைலேர்ந்து கேட்டுக்கிட்டிருக்காங்க."