குளியல் தொட்டியில் கறிவேப்பிலை

கதவைத் தட்டிய வில்ஃப்ரெட் என்ற கிழவர், ஒரு காலத்தில் இந்த இங்கிலாந்து ஊருக்கு எம்.பி.யாக இருந்தவராம். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட அரசாங்கம் கட்டிய இந்தக் கவுன்சில் வீட்டின் குளியலறையை ஒருமுறை பார்க்க வேண்டுமாம்.

"இஞ்சாருங்கோ, அவர் பாத்ரூமைப் பாக்கவேணுமாம்," என்றாள் அமிர்தவல்லி கணவனிடம்.

"ஐயோ, முதல்ல தொட்டிக்குள்ள கிடக்கிற கறிவேப்பிலையை எடும்!"

அதற்குள் கிழவர் உள்ளே போய்விட்டார். பனிக்காலம் முழுக்க அந்தச் சட்டிச் செடி குளிருக்குத் தப்பி அந்தக் குளியல் தொட்டியில்தான் கிடந்தது.

"தொழிலாளி வீட்டுக்கும் குளியல் தொட்டி வேண்டுமென்று பார்லிமென்டில் பேசினேன். அவர்கள் அதில் நிலக்கரிதான் கொட்டி வைப்பார்கள் என்று எதிர்த்தரப்பினர் சிரித்தார்கள்," என்றார் மெதுவான ஆங்கிலத்தில்.

அமிர்தவல்லி கூசிப்போனாள். அவரோ குனிந்து இலையை முகர்ந்தார்.

"சின்ன வயதில் எங்கள் வீட்டில் அடுப்படியில் ஒரு தகரத் தொட்டி. முதலில் அப்பா, பிறகு பிள்ளைகள். அம்மா கடைசியில், அதே தண்ணீரில்."

அமிர்தவல்லி செடியைத் தூக்கி வெளியே வைத்தாள். தொட்டியைத் தேய்த்துக் கழுவி, அடைப்பைச் செருகி, சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தாள். ஆவி எழுந்தது. வில்ஃப்ரெட் தொப்பியைக் கழற்றினார். முதல் ஆளாகக் குளிக்க வரும் யாருக்கோ வழிவிடுவதுபோலக் கதவோரம் ஒதுங்கி நின்றார்.