ஊசிமுனை வெளிச்சம்

"ஏங்க, வெளிச்சம் தெரியுதா?" காருக்குள்ளிருந்து பெண் குரல் கேட்டது.

"தெரியல. இன்னும் கொஞ்சம் பின்னாடி காட்டு," என்றது காருக்கு அடியிலிருந்து ஆண் குரல்.

டிராயிங் மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பட்டப்பகலில் கடை ஷட்டரை இறக்கிவிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் இருட்டில் கண்ணாமூச்சி ஆடிக்கொண்டிருந்தார்கள். விலை பேசி முடித்த இந்தப் பழைய காருக்காக அவர் வருவது இது மூன்றாவது தடவை. முதல் தடவை, "துரு எடுத்துட்டிருக்கோம்" என்றார்கள். அடுத்த தடவை, "பெயின்ட் காயல" என்றார்கள். நாளைக் காலை அவர் புதுப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர வேண்டும். அந்தப் பக்கம் பஸ்ஸே கிடையாது. இன்றைக்கும் வெறுங்கையோடு திரும்பினால் மனைவி உண்டு இல்லை என்று பண்ணிவிடுவாள். அதனால்தான் துணைக்கு மகளையும் கூட்டி வந்திருந்தார்.

"அண்ணே, நான் வந்து அரை மணி நேரம் ஆச்சு!"

கார்க்காரர் அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, ஷட்டரைப் பாதி தூக்கினார். தொழில் தையல். கழுத்தில் அளவு நாடா தொங்கியது. கையெல்லாம் தீக்காயப் புள்ளிகள்.

"மன்னிச்சுக்குங்க சார். இருட்டுல உள்ள பல்பு காட்டினாத்தான் எங்கெங்க ஓட்டை இருக்குன்னு அடியில தெரியும். துணியில ஒட்டுப் போடுறவன், இந்த வண்டிக்காகத் தகரத்துல ஒட்டுப் போடக் கத்துக்கிட்டேன். அதான் இவ்வளவு நாளாயிடுச்சு."

மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுத்தார். நண்பர் ஒருவர் படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தார். துருப்பிடித்த ஓட்டையில் பட்டி பூசி, மேலே பெயின்ட் அடித்துத் தலையில் கட்டிவிடுவார்களாம். பட்டியில் காந்தம் ஒட்டாதாம்.

கதவில் வைத்தார். ஒட்டியது. மட்கார்டில் வைத்தார், ஒட்டியது. டிக்கியைத் திறந்து உள்ளே வைத்தார். அங்கேயும் கப்பென்று பிடித்துக்கொண்டது. எல்லாம் அசல் தகரம். மாஸ்டருக்கு நிம்மதிக்குப் பதில் சந்தேகம்தான் வந்தது. விற்கப் போகிற வண்டிக்கு யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா?

"இதுக்குப் பேசாம பழைய இரும்புக் கடையில போட்டிருக்கலாமே அண்ணே?"

"போட்டிருக்கலாம். அவன் பட்டியைத் தடவி வேற யாருக்காவது வித்துட்டான்னா?"

ஊரில் இப்படியும் ஒரு ஆளா என்று மாஸ்டர் மனசுக்குள் சிரித்துக்கொண்டார். இல்லை, தன்னைவிட நல்ல கிராக்கி ஏதாவது வந்திருக்கிறதா? அதற்குத்தான் இப்படி இழுத்தடிக்கிறார்களா?

காரின் பின்கதவு திறந்தது. நீள வயரில் தொங்கிய பல்போடு அந்த அம்மாள் இறங்கினாள். குழந்தையைப் பார்த்ததும் அப்படியே நின்றாள்.

"பாப்பாவுக்கு என்ன வயசு தம்பி?"

"நாலு முடிஞ்சிருச்சுக்கா."

"கார்ல தூங்குவாளா?"

"நல்லாக் கேட்டீங்க! பின்சீட்டுல ஏறினதுமே சுருண்டுடுவா. வீடு வந்துதான் எழுப்புவோம்." பிறகு, அவள் சீட்டைப் பற்றிக் கவலைப்படுகிறாளோ என்று நினைத்து, "வாந்தியெல்லாம் எடுக்க மாட்டாக்கா," என்று சேர்த்துக்கொண்டார்.

அந்த அம்மாள் தையல் மேசையிலிருந்து ஒரு சுண்ணக்கட்டியை எடுத்துக் குழந்தையிடம் கொடுத்து, ஷட்டரோரம் வெளிச்சம் விழும் இடத்தில் உட்காரவைத்தாள். தலையை ஒரு தடவை தடவிவிட்டு மறுபடி காருக்குள் ஏறிக்கொண்டாள்.

"ஏங்க, ஷட்டர இறக்குங்க. இன்னொரு தடவ பாத்துடலாம்."

போச்சுடா என்று மாஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டார். ஆளுக்கொரு கை கொடுத்தாலாவது சீக்கிரம் முடியட்டும் என்று, சட்டை அழுக்கானாலும் பரவாயில்லை என ஷட்டரை ஒரு சாண் இடைவெளி விட்டு இறக்கிய தையல்காரரோடு அவரும் காருக்கு அடியில் நுழைந்தார். ஷட்டரோரம் குழந்தை தரையில் கிறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. மேலே பல்பு மெல்ல நகர்ந்தது.

"வெளிச்சம் தெரியுதா?"

தெரிந்தது. டிக்கிக்கு அடியில், ஸ்டெப்னி வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில், ஊசிமுனை அளவு ஒரு புள்ளி.

"தெரியுது," என்றார் தையல்காரர். சட்டைப் பையிலிருந்த சுண்ணக்கட்டியால் அதைச் சுற்றி வட்டம் போடத் தொடங்கினார். "இன்னைக்கு வண்டி கெடைக்காது சார். இதையும் அடைச்சு, காய வச்சு, நாளைக்குச் சாயங்காலம் நானே கொண்டாந்து விடுறேன்."

மாஸ்டருக்குப் பொறுமை போய்விட்டது.

"இத்தனூண்டு ஓட்டைக்கா இந்த அலப்பறை? மேல ஒரு ரப்பர் மேட்டப் போட்டா மறைஞ்சுடும் அண்ணே! மழையில ரெண்டு சொட்டுத் தண்ணி வந்தா வந்துட்டுப் போகுது!"

சுண்ணக்கட்டி பாதி வட்டத்தில் நின்றது. மேலே பல்பும் அசையவில்லை.

"நானும் மேட்டப் போட்டுத்தான் சார் மறைச்சேன்," என்றார் தையல்காரர். "தண்ணி வரல. சைலென்சர்லயும் ஓட்டை இருந்திருக்கு. அந்தப் புகை பூராவும் இந்த வழியா உள்ள ஏறியிருக்கு. முன்னாடி ஜன்னலத் தொறந்து வச்சிருந்தோமா, எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே தெரியல."

மாஸ்டர் ஷட்டர் பக்கம் தலையைத் திருப்பி மகளைத் தேடினார். அப்போது பின்சீட்டிலிருந்து அந்த அம்மாளின் குரல் வந்தது.

"எங்க பாப்பாவும் அப்படித்தான் தம்பி, ஏறினதுமே சுருண்டுடுவா. அன்னைக்கும் வீடு வந்துதான் எழுப்பிப் பாத்தோம்."